வீட்டில் டி.பி.என். (ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் முழு உணவு) ஏறும் குழந்தைக்கு லைன் இன்ஃபெக்ஷன் வராமல் பார்ப்பது: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்கள் வரவும்

பென்னாகரத்தான் (இழை தொடங்கியவர்)

வணக்கம். இரண்டு வயதுக் குழந்தை, சிறுகுடலில் பெரும்பகுதி எடுத்தாகிவிட்டது. நெஞ்சில் ஹிக்மேன் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் மாதக்கணக்கில் வைத்திருக்கும் குழாய்), ஒற்றை வழி. இரவில் 12 மணி நேரம் டி.பி.என்., பகலில் லைனை மூடி வைத்திருப்போம். வாரம் ஒருமுறை பெங்களூரிலிருந்து ஐஸ் பெட்டியில் பை வரும். வீட்டில் போர் தண்ணீர்தான், கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. டிஸ்சார்ஜ் தாளில் "சுத்தமாகக் கையாளவும்" என்று ஒரே வரி. ஸ்பிரிட் வைத்து எத்தனை நொடி துடைக்க வேண்டும், கிளவுஸ் கட்டாயமா, கரண்ட் போனால் பை வீணா, காய்ச்சல் வந்தால் முதலில் எங்கே ஓடுவது? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் அளவோடு எழுதினால் நன்றாக இருக்கும்.

ஓசூர் சிஸ்டர்

முதலில் கிருமி எந்த வழியாக உள்ளே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வழி இரண்டு. ஒன்று, தோலில் லைன் வெளியே வரும் ஓட்டையிலிருந்து குழாயின் வெளிப்புறத்தை ஒட்டிப் போவது. ஹிக்மேன், ப்ரோவியாக் லைன்களில் தோலுக்கு அடியில் சின்ன துணிப்பட்டை மாதிரி ஒரு கஃப் இருக்கும். சில வாரங்களில் சதை அதைப் பிடித்துக்கொள்ளும், அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். மிச்சம் இருப்பது ஹப், அதாவது நீங்கள் ட்யூபை மாட்டிக் கழற்றும் வாய். மாதக்கணக்கில் இருக்கும் லைனில் இன்ஃபெக்ஷன் பெரும்பாலும் இந்த வாய் வழியாகத்தான் உள்ளே போகிறது, அதுவும் மாட்டுபவரின் கையிலிருந்து. உள்ளே போன கிருமி குழாயின் உட்சுவரில் வழவழப்பாக ஒரு படலம் கட்டிக்கொண்டால் மருந்தால் அதை எடுப்பது கஷ்டம்.

ஆகவே தினமும் இரண்டே கண்டங்கள்: மாலையில் மாட்டுவது, காலையில் கழற்றுவது.

மாட்டும்போது: ஜன்னலைச் சாத்துங்கள், ஃபேனை நிறுத்துங்கள். வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றிவிட வேண்டும், நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். டிரேயை ஆல்கஹால் வைப்பால் துடைத்துக் காய விடுங்கள். சோப்பு போட்டு 40 முதல் 60 நொடி கை கழுவுங்கள், விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் விடாமல். சாமான்களைப் பிரித்து, ட்யூபில் காற்று போக மருந்தை ஓட்டி, சலைன் சிரிஞ்சைத் தயாராக வையுங்கள். இதற்குள் கை பையின் உறை, பம்ப் பட்டன் என்று எங்கெல்லாமோ பட்டிருக்கும். அதனால் லைனைத் தொடும் முன் சானிடைசரால் இன்னொரு முறை 20 முதல் 30 நொடி தேயுங்கள்.

பிறகு ஹப். புது ஆல்கஹால் ஸ்வாப் ஒன்றைப் பிரித்து, கனெக்டரின் (ஹப்பின் வாயில் திருகியிருக்கும் சின்ன மூடி) தலையையும் மரை இருக்கும் பக்கங்களையும் ஆரஞ்சுப் பழம் பிழிவது போல அழுத்தித் திருகித் தேயுங்கள். குறைந்தது 15 நொடி. கடிகாரத்தைப் பாருங்கள், மனக்கணக்கில் 15 நொடி என்பது 6 நொடியில் முடிந்துவிடும். பிறகு தானாகக் காய வேண்டும். ஆல்கஹால் ஈரமாகப் பட்டிருக்கும் நேரமும் அது ஆறிக் காயும் நேரமும் சேர்ந்துதான் கிருமியைக் கொல்கிறது. ஊதினால் வாயிலுள்ள கிருமி அதில் விழும், விசிறினால் தூசி விழும். காயும் வரை அது எதிலும் படாமல் கையில் பிடித்திருங்கள். குழந்தையின் சட்டையில் பட்டால் திரும்ப 15 நொடி.

சலைன் செலுத்திப் பாருங்கள். தடையில்லாமல் போனால் மாட்டுங்கள். ட்யூபின் நுனி, சிரிஞ்சின் நுனி, ஹப்பின் வாய், இந்த மூன்றையும் விரல் தொடவே கூடாது. தொட்டுவிட்டால், சந்தேகம் வந்தாலே, அந்தச் சாமானைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது எடுங்கள்.

காரிமங்கலம் குமார்

சிஸ்டர், கிளவுஸ் பற்றிச் சொல்லவில்லையே. இங்கே பலர் கிளவுஸ் போட்டால் கை கழுவ வேண்டாம் என்று நினைக்கிறார்கள்.

ஓசூர் சிஸ்டர்

கிளவுஸ் போட்டாலும் போடாவிட்டாலும் கை கழுவியே ஆக வேண்டும். நுனிகளைத் தொடாமல் செய்யத் தெரிந்தவருக்குத் தினசரி மாட்டக் கழற்ற ஸ்டெரைல் கிளவுஸ் அவசியமில்லை. உங்கள் மருத்துவமனை போட்டுச் செய்யத்தான் கற்றுக்கொடுத்தது என்றால் அப்படியே செய்யுங்கள், முறையை நடுவில் மாற்றாதீர்கள். ஆபத்து எங்கே என்றால், கிளவுஸ் போட்டதும் வரும் தைரியத்தில் அதே கையால் குழந்தையின் மூக்கைத் துடைப்பது, செல்போன் எடுப்பது. அந்தக் கிளவுஸ் வெறுங்கையை விட மோசம். டிரெஸ்ஸிங் மாற்றும்போது மட்டும் ஸ்டெரைல் கிளவுஸ் போடுங்கள்.

பட்டுப்புழு வளர்க்கும் வீட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதே இல்லை. புழு மனைக்குள் போகும் முன் கைகால் கழுவி, கண்ட கண்ட ஆளை உள்ளே விடாமல், ப்ளீச்சிங் பவுடர் போட்டு வைக்கிறார்கள் இல்லையா? அதே கெடுபிடிதான் இதற்கும்.

மருந்துக்கடை_பாலக்கோடு

ஸ்பிரிட்டும் பஞ்சும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸ்டீல் டப்பாவில் பஞ்சைப் போட்டு ஸ்பிரிட் ஊற்றி வாரக்கணக்கில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். திறந்து திறந்து மூடினால் ஆல்கஹால் ஆவியாகி வீரியம் குறையும், எடுக்கும் விரலிலிருந்து கிருமி உள்ளே போகும். ஸ்போர் வடிவில் இருக்கும் கிருமியை ஆல்கஹால் கொல்லாது என்பதையும் மறக்காதீர்கள். பஞ்சின் நார் வேறு ஹப் மரையில் சிக்கும். கடையில் விற்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் எண்ணெய்ப் பொருள் கலந்தவையும் உண்டு, அது ஹப்பில் படியும். 70 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தோய்த்து ஒவ்வொன்றாக உறையிட்ட ஸ்வாப்தான் வேண்டும். பெட்டியாக வாங்கினால் விலையும் பெரிதில்லை. பிரித்த ஸ்வாப் காய்ந்திருந்தால் அந்த உறையில் ஓட்டை, எறியுங்கள்.

பீட்டாடின் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை: அது வேலை செய்ய இரண்டு நிமிடமாவது காய வேண்டும், ஹப்பில் பிசுபிசுப்பாகவும் ஒட்டும். தினசரி ஹப்புக்கு அது தோதுப்படாது.

இப்போது பை. 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். ஒரு கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீஸருக்கு நேர் கீழேயும் பின்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள், அங்கே உறைந்துவிடும். உறைந்தால் அதிலுள்ள கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும், உருகிய பிறகு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் ஏற்றக் கூடாது. கதவுத் தட்டும் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடு ஏறும். மாவு, மீன், தயிர் இருக்கும் தட்டில் வைக்காமல் மூடியுள்ள தனி டப்பாவில் வையுங்கள். உள்ளே ஒரு ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் போட்டுவிடுங்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். அதற்கு மேல் போகும் போலிருந்தால் ஐஸ் பேக் உள்ள பெட்டிக்கு மாற்றுங்கள், ஐஸ் பேக்குக்கும் பைக்கும் நடுவே ஒரு துண்டு இருக்கட்டும். தெர்மாமீட்டர் 8-ஐத் தாண்டிவிட்டால் எத்தனை மணி நேரம், எத்தனை டிகிரி என்று குறித்துப் பை தயாரித்தவரிடம் கேளுங்கள். நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

ஏற்றுவதற்கு 1 முதல் 2 மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வையுங்கள். வெந்நீரில் போடுவதும் வெயிலில் வைப்பதும் கூடாது. வெளிச்சம் பட்டால் சில விட்டமின்கள் அழியும், கொழுப்பில் பெராக்சைடு உண்டாகும், அதனால் பைக்கு உறை போட்டே தொங்கவிடுங்கள். எடுத்ததும் பையை மெதுவாக அழுத்திக் கசிவு இருக்கிறதா பாருங்கள். பால் போல ஒரே சீராக இருக்க வேண்டும். மேலே மஞ்சள் எண்ணெய்க் கோடு ஓடினாலோ, துகள் தெரிந்தாலோ அதை ஏற்றாதீர்கள். கொழுப்பு கலந்த பை தொங்க ஆரம்பித்தால் 24 மணி நேரம்தான் வரம்பு, கொழுப்பைத் தனியாக ஏற்றினால் 12 மணி நேரம். மீந்ததை மறுநாளைக்கு எடுத்து வைப்பது இல்லவே இல்லை. ட்யூபும் ஃபில்டரும் ஒவ்வொரு பைக்கும் புதிது.

கொழுப்பு உள்ள பைக்கு 1.2 மைக்ரான் ஃபில்டர். அது துகளையும் கேண்டிடா பூஞ்சையையும் பிடிக்கும், பாக்டீரியாவை முழுதாகப் பிடிக்காது. கொழுப்பில்லாத பைக்குத்தான் 0.22 மைக்ரான் போட முடியும். ஃபில்டர் அடைத்துப் பம்ப் கத்தினால் சிலர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள். அடைத்ததற்குக் காரணம் பையில் திரண்ட கால்சியம் பாஸ்பேட்டாக இருக்கலாம். ஃபில்டர் இல்லையென்றால் அது நேராகக் குழந்தையின் நுரையீரலுக்குப் போகும்.

காரிமங்கலம் குமார்

ஃப்ளஷ், அதாவது சலைன் தள்ளி லைனைக் கழுவுவது, எவ்வளவு, எந்த சிரிஞ்ச்?

ஓசூர் சிஸ்டர்

அளவு உங்கள் மருத்துவர் எழுதித் தந்ததுதான், சின்னக் குழந்தைக்குப் பொதுவாக 3 முதல் 5 மில்லி 0.9 சதவீத சலைன். சிரிஞ்ச் மட்டும் 10 மில்லி அளவுடையதாக இருக்கட்டும். சின்ன சிரிஞ்ச் உண்டாக்கும் அழுத்தம் அதிகம், லைன் அடைத்திருக்கும்போது அதால் தள்ளினால் குழாய் வெடிக்கும். ஒரே மூச்சில் தள்ளாமல் 1 மில்லி தள்ளி நிறுத்தி, மீண்டும் 1 மில்லி தள்ளி நிறுத்தி. அந்த உதறலில்தான் சுவரில் ஒட்டிய கொழுப்பு கழுவிப் போகும். காலையில் கழற்றியதும் ஃப்ளஷ் செய்யாமல் "பல் தேய்த்துவிட்டு வருகிறேன்" என்று போனால் கொழுப்பும் ரத்தமும் உள்ளேயே தங்கும், கிருமிக்கு அதைவிட நல்ல சாப்பாடு வேறில்லை.

கிளாம்ப் போடுவதில் ஒரு சூட்சுமம். சாதாரண கனெக்டர் என்றால் கடைசி அரை மில்லியைத் தள்ளிக்கொண்டே கிளாம்ப் போட்டு, பிறகு சிரிஞ்சைக் கழற்றுங்கள், ரத்தம் பின்னால் வராது. கழற்றும்போது தானே திரவத்தை முன்னே தள்ளும் பாசிட்டிவ் வகை கனெக்டர் என்றால் நேர் எதிர்: முதலில் கழற்று, பிறகு கிளாம்ப். உறையில் எது என்று போட்டிருக்கும். கனெக்டரை வாரம் ஒருமுறை மாற்றலாம். உள்ளே ரத்தம் தங்கிக் கழுவிப் போகவில்லை என்றாலோ, கழன்று விழுந்தாலோ அன்றே.

டாக்டர்_குழந்தைகள்நலம்

அடுத்து எல்லோரும் கேட்பது லாக் மருந்து, அதாவது லைனை மூடி வைக்கும்போது குழாய்க்குள் நிரப்பி விடுவது. ஹெப்பாரின் ரத்தம் உறையாமல் பார்க்கும், கிருமியைத் தடுக்காது. லைன் இன்ஃபெக்ஷனைத் தடுக்க இப்போது முன்னால் வைக்கப்படுவது டாரோலிடின். இது ஆன்டிபயாட்டிக் அல்ல, கிருமியின் செல் சுவரோடு வினைபுரிந்து கொல்கிறது. குழந்தைகளுக்கான ஐரோப்பிய டி.பி.என். வழிகாட்டுதல் 2018-லேயே நீண்டகால லைனுக்கு இதைப் பரிந்துரைத்துவிட்டது. கிடைக்கும் இடமும் செலவும் நம் பக்கம் ஒரு தலைவலிதான், உங்கள் மருத்துவர் வழியாகத்தான் ஏற்பாடு செய்ய முடியும்.

70 சதவீத எத்தனால் லாக் இன்னொன்று. இங்கே மூன்று எச்சரிக்கை. சிலிக்கான் குழாய்க்கு மட்டும். பல பாலியூரித்தேன் லைன்களை ஆல்கஹால் அரித்து விரிசல் விட வைக்கும், லைன் எது என்று தெரியாமல் தொடவே வேண்டாம். ஹெப்பாரினோடு சேர்ந்தால் உள்ளேயே திரளும், அதனால் நடுவே சலைன் போட வேண்டும். லைன் அடைப்பும் குழாய் கிழிவதும் அதிகமாகலாம் என்ற கவலையும் உண்டு. எந்த லாக் ஆனாலும் லைனின் உட்கொள்ளளவு மட்டுமே, சின்னக் குழந்தையின் லைனில் அது பெரும்பாலும் 1 மில்லிக்கும் குறைவு. கடையில் வாங்கும் எந்த ஆல்கஹாலையும் லைனுக்குள் விடக் கூடாது, ஊசி மருந்துத் தரம் வேறு.

பென்னாகரத்தான்

மிக்க நன்றி. தண்ணீர் பற்றி யாராவது? போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது. ஃப்ளோரைடு தண்ணீரில் கை கழுவினால் பிரச்சினையா?

ஊத்தங்கரை வாசி

ஃப்ளோரைடு குடிக்கிற தண்ணீரில் பிரச்சினை, பல்லுக்கும் எலும்புக்கும். அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தது. கை கழுவ அது தடையில்லை. நுரை வராதது உப்புத் தண்ணீரின் கடினத்தன்மையால். பார் சோப்பை விட்டுவிட்டு பம்ப் வைத்த திரவ சோப்புக்கு மாறுங்கள். அதிகமாகப் போட்டு, அதிக நேரம் தேய்த்து, நன்றாக அலசுங்கள்.

உண்மையான வில்லன் டிரம்மும் சொம்பும்தான். வாரக்கணக்கில் தேங்கிய தண்ணீரில் சூடோமோனாஸ் மாதிரி கிருமிகள் குடியிருக்கும், ஒவ்வொரு முறை சொம்பு முக்கும்போதும் கையழுக்கு உள்ளே போகும். குழாய் வைத்த 20 லிட்டர் கேன் ஒன்றைக் கை கழுவ என்றே ஒதுக்குங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீர் நிரப்பி, தினமும் காலி செய்து, கழுவிக் கவிழ்த்துக் காய விடுங்கள். கை துடைக்க வீட்டுத் துண்டு கூடாது, பேப்பர் டிஷ்யூ அல்லது ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் துவைத்து இஸ்திரி போட்ட துணி. ஈரக் கையோடு சானிடைசர் போட்டால் அது நீர்த்துப் போகும்.

அரூர் அம்மணி

நம்ம ஊர் வழக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். எண்ணெய்க் குளியல் வேண்டாம், நெஞ்சில் எண்ணெய் பட்டால் டிரெஸ்ஸிங் ஒட்டாது, ஓரம் தூக்கிக்கொள்ளும். பவுடர், விபூதி, மஞ்சள் எதுவும் லைன் பக்கம் வரக் கூடாது. குளிக்க வைக்கும்போது உட்கார வைத்து இடுப்புக்குக் கீழே தண்ணீர், மேலே ஈரத்துணியால் துடைத்தால் போதும். தொட்டி, ஏரி, ஒகேனக்கல் ஆறு எதிலும் இறக்கக் கூடாது. தூளியில் போட்டால் புடவை மடிப்பில் ட்யூப் சிக்கி இழுபடும். லைனை ஒரு வளையமாகச் சுற்றி டிரெஸ்ஸிங்குக்கு மேலே ஒட்டி, மேலே இறுக்கமான பனியன் போட்டுவிடுங்கள். நுனி எப்போதும் மேல்நோக்கி, டயப்பருக்கும் ஸ்டோமா பைக்கும் (வயிற்றுத் துளை வழியாக வரும் மலத்தைப் பிடிக்கும் பை) எட்டாத உயரத்தில். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைக்கு டயப்பர் மாற்றியவர் அதே கையோடு லைன் பக்கம் போகவே கூடாது. முடிந்தால் அந்த நேரத்தில் ஒருவர் டயப்பர், மற்றவர் லைன். மாம்பழ சீசனில் ஈ மொய்க்கும், மாட்டும் அறைக்குக் கொசுவலை அடித்துவிடுங்கள்.

ஓசூர் சிஸ்டர்

அம்மணி அக்கா சொன்னது முழுக்கச் சரி. டிரெஸ்ஸிங்கையும் முடித்துவிடுகிறேன். ஒளி ஊடுருவும் ஸ்டிக்கர் என்றால் 7 நாள், துணி காஸ் என்றால் 2 நாள். ஓரம் தூக்கினாலோ, ஈரமானாலோ, ரத்தம் தெரிந்தாலோ நாள் கணக்கைப் பார்க்காமல் உடனே மாற்றுங்கள். சித்திரை வெயிலில் வேர்த்து ஸ்டிக்கர் நிற்காத குழந்தைக்குக் காஸ் நல்லது. தோலுக்கு 2 சதவீத குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹால், 30 நொடி முன்னும் பின்னுமாகத் தேய்த்து முழுசாகக் காய விடுங்கள். ஈரத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினால் தோல் வெந்துபோகும். 2 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு இது வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்டுத்தான். ஒவ்வொரு நாளும் ஸ்டிக்கருக்கு மேலாகவே பாருங்கள்: சிவப்பு, சீழ், வீக்கம், கஃப் வெளியே தெரிவது. ஓட்டையிலிருந்து 2 சென்டிமீட்டரைத் தாண்டி லைன் போகும் பாதையில் சிவந்து வலித்தால் அது டனல் இன்ஃபெக்ஷன், பெரும்பாலும் லைனை எடுக்க வேண்டி வரும்.

காரிமங்கலம் குமார்

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்து ஒரு ராத்திரி பார்க்கலாமா? சீசன் காய்ச்சல் ஊரெல்லாம் இருக்கிறதே.

டாக்டர்_குழந்தைகள்நலம்

கூடாது. லைன் உள்ள குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டாலே, வேறு காரணம் நிரூபணமாகும் வரை லைன் இன்ஃபெக்ஷன்தான். சளி இருந்தாலும், வீட்டில் நாலு பேருக்குக் காய்ச்சல் இருந்தாலும். பாராசிட்டமால் கொடுத்தால் அடையாளம் மறையும், கிருமி அப்படியே இருக்கும். கிளெப்சியெல்லா, ஈ.கோலை மாதிரி கிருமி என்றால் சில மணி நேரத்தில் குழந்தை ஷாக்கில் (ரத்த அழுத்தம் சரிந்து உயிராபத்து) போய்விடும்.

ஃப்ளஷ் செய்த பிறகோ, பை ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரத்துக்குள்ளோ நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், குழாய்க்குள் இருக்கும் கிருமியை நீங்களே உள்ளே தள்ளியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். உடனே பம்பை நிறுத்துங்கள், கிளாம்ப் போடுங்கள், மீண்டும் ஃப்ளஷ் செய்யாதீர்கள். சிறு குழந்தைக்குக் காய்ச்சலே இல்லாமல் சோர்வு, பச்சை வாந்தி, வயிறு உப்புவது, காரணமில்லாமல் சர்க்கரை ஏறுவது மட்டும் இருக்கலாம்.

எங்கே போவது என்றால், முதலில் பக்கத்தில் ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்து ஆன்டிபயாட்டிக் போடக்கூடிய இடத்துக்கு. பென்னாகரம் பக்கத்துக்குத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கத்துக்குக் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. லைன் போட்ட பெங்களூர், வேலூர் மருத்துவமனைக்கு நேரே வண்டி எடுத்துவிடாதீர்கள், ராத்திரியில் இரண்டு மூன்று மணி நேரம் மருந்தில்லாமல் போய்விடும். போகிற வழியில் அவர்களைப் போனில் பிடித்து, இங்குள்ள டாக்டரோடு பேச வையுங்கள். முதல் டோஸ் போட்ட பிறகு மாற்றுவதைப் பார்க்கலாம்.

அங்கே கேட்க வேண்டியது இரண்டு. ஆன்டிபயாட்டிக் போடும் முன் லைனிலிருந்து ஒரு கல்ச்சர், கை நரம்பிலிருந்து ஒரு கல்ச்சர், ஒரே நேரத்தில், ஒரே அளவு ரத்தம். லைன் பாட்டில் மற்றதைவிட 2 மணி நேரமாவது முன்னதாக வளர்ந்தால் மூலம் லைன்தான் என்று முடிவு செய்யலாம். இரண்டாவது சர்க்கரை. டி.பி.என். திடீரென நின்றால் சின்னக் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கும், உடனே பார்க்கச் சொல்லிக் கை நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ் கேளுங்கள். ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்றால் லைனை வைத்துக்கொண்டே பல நேரம் குணப்படுத்தலாம். கேண்டிடா, ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் என்றால் பொதுவாக லைனை எடுப்பதுதான் பாதுகாப்பு.

இதையெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு டூட்டி டாக்டரிடம் வாயால் விளக்க முடியாது. லைன் வகை, அளவு, போட்ட தேதி, உட்கொள்ளளவு, டி.பி.என். நேரம், ஒவ்வாமை, பழைய கல்ச்சரில் வந்த கிருமி, அழைக்க வேண்டிய எண் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கி, முத்திரையோடு லேமினேட் செய்து வையுங்கள்.

ஊத்தங்கரை வாசி

லைன் கிழிந்தால்?

ஓசூர் சிஸ்டர்

குழந்தைக்கும் கிழிசலுக்கும் நடுவே உடனே கிளாம்ப். பல் இல்லாத வழவழ கிளாம்ப் ஒன்று குழந்தையின் பனியனிலேயே எப்போதும் குத்தியிருக்கட்டும். அது இல்லையா, குழாயை மடித்து ரப்பர் பேண்ட் போடுங்கள். கிழிசலை ஆல்கஹாலால் துடைத்து ஸ்டெரைல் காஸில் சுற்றிக்கொண்டு கிளம்புங்கள். திடீரென மூச்சுத் திணறினால் காற்று போயிருக்கலாம், இடப்பக்கமாகச் சாய்த்துத் தலையைத் தாழ்த்திப் படுக்க வைத்து 108. சரிசெய்யும் கிட் அதே கம்பெனி, அதே ஃப்ரெஞ்ச் அளவு (குழாயின் பருமன்) இருந்தால்தான் பொருந்தும், அதனால் லைன் போட்ட அன்றே ஒன்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடை_பாலக்கோடு

ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, மாட்டியவர் யார், டிரெஸ்ஸிங், கனெக்டர் மாற்றிய நாள், வெப்பநிலை. மாட்டுவது வீட்டில் இரண்டு பேர் மட்டும், வருகிற சொந்தக்காரர் எல்லாம் இல்லை. இன்ஃபெக்ஷனை 1000 லைன் நாளுக்கு (லைன் உடம்பில் இருக்கும் நாள்) எத்தனை என்று கணக்குப் போடுவார்கள். 400 நாளில் 2 முறை வந்தால் 1000-க்கு 5. எண்ணிக்கை ஏறினால் எந்த மாதம், யார் கை என்று நோட்டே காட்டிவிடும்.

பென்னாகரத்தான்

நோட்டு இன்றே போடுகிறேன். கடைசியாக ஒன்று: பெங்களூர் செக்கப்புக்குக் காரில் போகும்போது தனிப் பை வேண்டுமா?

ஓசூர் சிஸ்டர்

வேண்டும், அண்ணா. ஸ்வாப் 20, 10 மில்லி சலைன் சிரிஞ்ச் 4, கனெக்டர் 2, டிரெஸ்ஸிங் 2, ஸ்டெரைல் காஸ், கிளாம்ப், சானிடைசர், தெர்மாமீட்டர், அந்த லேமினேட் தாள். காரின் டேஷ்போர்டில் வைக்காதீர்கள், வெயிலில் ஸ்வாப் காய்ந்துவிடும். கிளம்பும் முன் ஒரு ஸ்வாப்பை அமுக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் தெரிய வேண்டும்.